பல் பிடுங்கும் நாள் வரை வலியைச் சமாளிப்பது எப்படி?

டாக்டர் பார்த்துவிட்டார். "இந்தப் பல்லை எடுத்துத்தான் ஆகணும், வியாழக்கிழமை வாங்க" என்று சீட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார். இன்று திங்கள். நடுவில் மூன்று ராத்திரி இருக்கிறது. பல்வலிக்காரருக்குப் பகல் எப்படியோ ஓடிவிடும், ராத்திரிதான் பாடு. அதிலும் சித்தேரி மலையிலோ அஞ்செட்டிப் பக்கமோ இருப்பவர், வலி தாங்கவில்லை என்று நினைத்த நேரத்துக்கு பஸ் ஏறி தருமபுரிக்கோ ஓசூருக்கோ வந்துவிட முடியாது. இந்த இடைப்பட்ட நாட்களை எப்படித் தள்ளுவது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பல்லுக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் புரிந்துகொண்டால், எந்த வைத்தியம் உதவும், எது கெடுக்கும் என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும்.

பல்லின் வெளியே தெரியும் வெள்ளை ஓடு எனாமல். அதற்கு உள்ளே டென்டின் என்ற அடுக்கு. அதற்கும் உள்ளே, நடுவில், பல்கூழ் என்ற மெத்தென்ற சதை இருக்கிறது. ரத்தக் குழாய்களும் நரம்புகளும் அதில்தான் ஓடுகின்றன. அவை வேரின் நுனியில் இருக்கும் மிகச் சிறிய துளை வழியாகத்தான் உள்ளே போய்வருகின்றன. சொத்தை எனாமலைத் தாண்டும்வரை பெரும்பாலும் வலி இருக்காது. டென்டினுக்குள் வந்ததும் குளிர்ந்த தண்ணீருக்கும் இனிப்புக்கும் சுரீர் என்று கூசும், உடனே அடங்கிவிடும். இந்தக் கட்டத்திலேயே போனால் பல்லை அடைத்துக் காப்பாற்றிவிடலாம். கிருமி பல்கூழை எட்டிய பிறகு கதை வேறு. கையில் கட்டி வந்தால் தோல் இடம் கொடுக்கும், வீங்கிக்கொள்ளும். பல்லுக்குள் இருக்கும் சதைக்கு வீங்க இடமே கிடையாது, சுற்றிலும் கெட்டிச் சுவர். உள்ளே அழுத்தம் ஏற ஏற நரம்பு நசுங்கி, நாடித் துடிப்போடு சேர்ந்து விண்விண்ணென்று தெறிக்கும்.

படுத்ததும் வலி கூடுவது இதனால்தான். நிற்கும்போதும் உட்கார்ந்திருக்கும்போதும் தலைக்கு ஏறும் ரத்தத்தின் அழுத்தம் குறைவு. படுத்தால் அது கூடும், பல்லுக்குள் இருக்கும் அழுத்தமும் கூடவே ஏறும். ஆகவே முதல் வைத்தியத்துக்குக் காசே செலவில்லை. இரண்டு மூன்று தலையணை வைத்துத் தலையை நன்றாக உயர்த்திப் படுங்கள். சாய்வு நாற்காலி இருந்தால் அந்த மூன்று ராத்திரியும் அதிலேயே தூங்கினாலும் தப்பில்லை. குனிந்து பாரம் தூக்குவது, வெயிலில் மண்வெட்டி பிடிப்பது போன்ற வேலைகளைத் தள்ளிப்போட முடிந்தால் போடுங்கள். தலைக்கு ரத்தம் ஏறும் எந்த வேலையும் பல்லில் போய்த்தான் விடியும்.

சிலருக்குச் சூடாக எது பட்டாலும் உயிர் போகும், ஆனால் குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்திருந்தால் நிம்மதியாக இருக்கும். கையில் தண்ணீர் பாட்டிலோடு வந்து, நிமிடத்துக்கு ஒரு வாய் ஊற்றிக்கொண்டு டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்திருப்பீர்கள். பல்கூழ் மீளமுடியாத நிலைக்குப் போய்விட்டதற்கு இது ஓர் அடையாளம். அப்படி இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எந்தப் பல் என்று உங்களுக்கே தெரியாமலும் போகலாம். கீழ்ப்பல் வலி காதுக்குள் குத்தும், மேல்பல் வலி பொட்டு வரை ஏறும். மேல் வரிசையா கீழ் வரிசையா என்றுகூடக் குழம்பும். இதில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு குழப்பம் உண்டு. இங்கே பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளூரைடு அதிகம். ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை படிந்திருக்கும். ஜப்பான் நிதியுதவியோடு நிறைவேற்றப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான். அந்தக் கறை, சின்ன வயதில் ஈறுக்குள் பல் உருவாகும்போதே எனாமலில் ஏறியது. அது சொத்தை கிடையாது, அதனால் மட்டும் வலியும் வராது. "எல்லாப் பல்லும் பழுத்துப் போச்சு, மொத்தத்தையும் புடுங்கிடுங்க" என்று கேட்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். வேண்டாம். வலிக்கிற பல் எது என்பதை எக்ஸ்ரேயும் தட்டிப் பார்ப்பதும் சொல்லட்டும், கறையின் நிறம் சொல்ல வேண்டியதில்லை.

மாத்திரை விஷயம்

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். பல்வலி பெரும்பாலும் அழற்சியால், அதாவது உள்ளே சதை சிவந்து வீங்குவதால், வருவது. அதனால் அழற்சியைக் குறைக்கும் வகை மாத்திரைகள் வலியைப் பிடித்து நிறுத்துகின்றன. அதில் பழகியது இபுபுரூஃபன். வேறு நோய் இல்லாத பெரியவர்களுக்கு 400 மி.கி. மாத்திரை ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. டாக்டர் சொல்லாமல் நாளுக்கு 1200 மி.கி.யைத் தாண்ட வேண்டாம். இதோடு பாராசிட்டமால் 500 அல்லது 650 மி.கி.யும் சேர்த்து எடுத்தால், இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்வதால், தனித்தனியாக எடுப்பதைவிட நன்றாகக் கேட்கும். இந்த ஜோடி, பல்வலிக்குப் பல பலமான மாத்திரைகளுக்குக் குறைந்தது இல்லை. டாக்டர் ஏற்கெனவே மாத்திரை எழுதியிருந்தால் அதுதான் கணக்கு, அதன்மேல் இதைச் சேர்க்காதீர்கள்.

வலி உச்சத்துக்கு ஏறிய பிறகு மாத்திரையைத் தேடினால் அது வேலை செய்ய ஆரம்பிக்கவே அரை மணி, முக்கால் மணி ஆகும். அதனால் இந்த இரண்டு மூன்று நாளும் கடிகாரத்தைப் பார்த்துப் போடுங்கள். ராத்திரி வேளையைத் தூங்கப் போவதற்கு முக்கால் மணி நேரம் முன்பாக, சாப்பாட்டை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இபுபுரூஃபனும் அதன் சொந்தக்காரர்களான டைக்ளோஃபினாக், ஏசிக்ளோஃபினாக் மாத்திரைகளும் எல்லாருக்கும் ஆகாது. வயிற்றுப் புண் உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இதய நோயாளிகள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், வலி மாத்திரை போட்டால் இளைப்பு வரும் ஆஸ்துமாக்காரர்கள், கர்ப்பிணிகள் இதைத் தாங்களாக எடுக்கக் கூடாது. டெங்கு காய்ச்சலோ என்ற சந்தேகம் இருந்தாலும் கூடாது. இவர்களுக்குப் பெரும்பாலும் பாராசிட்டமால்தான் பாதுகாப்பு, அதையும் கேட்டுக்கொண்டு எடுப்பது நல்லது. குழந்தைகளுக்கு எடையைப் பார்த்துத்தான் அளவு. பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது அளவு ஆகாது. ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

அப்புறம் நம்ம ஊர் 'செட்டு மாத்திரை'. "அண்ணே, பல்வலிக்கு ரெண்டு செட்டு குடுங்க" என்று கேட்டால், சின்னக் காகிதக் கவரில் வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, கேப்சூல் ஒன்று என்று உதிரியாகப் போட்டுத் தருவார்கள். சில சமயம் அட்டையில் வெட்டிய துண்டாக இருக்கும், பெயரில் பாதி அடுத்தவர் துண்டோடு போயிருக்கும். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சாப்பிடுவதில் உள்ள ஆபத்தைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். வலிக்கென்று விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே 325 மி.கி. இருக்கிறது. காம்பிஃப்ளாமில் இபுபுரூஃபன் 400, பாராசிட்டமால் 325. ஏசிக்ளோஃபினாக் கூட்டு மாத்திரைகளிலும் வழக்கமாக அதே 325. ஒருவர் செட்டு மாத்திரையை மூன்று வேளை போட்டால் 975. அது தெரியாமல் வீட்டில் இருந்த டோலோ 650ஐயும், அதுவும் பாராசிட்டமால்தான், நாலு வேளை போட்டால் 2600. மொத்தம் 3575. நல்ல உடம்புள்ள பெரியவருக்கே நாளுக்கு 4000தான் எல்லை. தலை வலிக்கிறது என்று இன்னும் ஒரு டோலோ போட்டால் எல்லை தாண்டியாகிவிட்டது. தினமும் குடிப்பவருக்கும் கல்லீரல் பாதிப்பு உள்ளவருக்கும் ஒல்லியான உடம்புக்காரருக்கும் அந்த எல்லை இன்னும் மிகக் கீழே. பாராசிட்டமால் கூடினால் கல்லீரல் கெடும், அது கெடுவது முதல் ஓரிரு நாளில் வெளியே தெரியவும் தெரியாது. செட்டில் ஏசிக்ளோஃபினாக் இருந்து, மேலே இபுபுரூஃபனும் போட்டால் வயிறும் சிறுநீரகமும் அடி வாங்கும்.

எனவே மெடிக்கலில் முழு அட்டையாக வாங்குங்கள், அல்லது பெயரும் மி.கி.யும் தெரிகிற துண்டாக வெட்டித் தரச் சொல்லுங்கள். கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

ஆன்டிபயாடிக் பற்றி ஒரு வார்த்தை. "அமாக்சிசிலின் ரெண்டு போட்டா வலி நின்னுடும்" என்ற நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. ஆன்டிபயாடிக் வலி மாத்திரை கிடையாது. கெட்டுப்போன பல்கூழுக்குள் ரத்த ஓட்டமே சரியாக இல்லாதபோது மருந்து அங்கே போய்ச் சேரவும் முடியாது. வீக்கம், காய்ச்சல், பரவும் சீழ் இருந்தால் டாக்டர் எழுதுவார். எழுதினால் சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும். கூடவே மெட்ரோனிடசோல் எழுதியிருந்தால், அந்த நாட்களிலும் முடிந்து இரண்டு மூன்று நாள் வரையிலும் டாஸ்மாக் பக்கம் போக வேண்டாம். வாந்தியும் படபடப்பும் வந்து பல்வலியே தேவலை என்று ஆகிவிடும்.

வீட்டில் இருப்பவை

கிராம்புக்கு உண்மையிலேயே வேலை செய்யும் குணம் இருக்கிறது. அதில் உள்ள யூஜினால் என்ற எண்ணெய் நரம்பைக் கொஞ்சம் மரக்கச் செய்யும். பல் டாக்டர்கள் தற்காலிகமாகப் பல்லை அடைக்கும் ஒருவகைச் சாந்திலும் அதையே சேர்க்கிறார்கள், கிளினிக்குக்குள் நுழைந்ததும் வரும் அந்த வாசனை அதுதான். கிராம்புத் தைலத்தை ஒரு சொட்டு பஞ்சில் தொட்டு, பிழிந்துவிட்டு, பல்லில் உள்ள குழியில் மட்டும் சில நிமிடம் வையுங்கள். பஞ்சு சொட்டச் சொட்ட வைத்தால் ஈறும் கன்னமும் வெந்துவிடும். குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் அந்தக் குப்பியை வைக்காதீர்கள், விழுங்கினால் விஷம்.

வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது வலியை நிறுத்தாது. ஆனால் குழிக்குள் சிக்கிய சோற்றுப் பருக்கையையும் கருவேப்பிலைத் துணுக்கையும் வெளியேற்றும். சில சமயம் அந்த ஒரு துணுக்குதான் அன்றைய வலிக்கே காரணமாக இருக்கும். ஊக்கு, தீக்குச்சி கொண்டு குடையாதீர்கள். வலிக்கிறது என்று பல் துலக்குவதையும் நிறுத்தாதீர்கள், மென்மையான பிரஷ்ஷால் மெதுவாகத் துலக்குங்கள்.

கன்னம் வீங்கியிருந்தால் ஐஸ் துண்டைத் துணியில் சுற்றி வெளியிலிருந்து பதினைந்து நிமிடம் வைத்து எடுக்கலாம். சூடான ஒத்தடம் வேண்டாம். தவிட்டு ஒத்தடம் முதுகுவலிக்கு இதமாக இருக்கும், சீழ் பிடித்த கன்னத்தில் சூடு வைத்தால் அங்கே ரத்த ஓட்டம் கூடி வீக்கமும் ஏறும்.

எருக்கம்பால், பெட்ரோல், பேட்டரித் தண்ணீர், மூக்குப்பொடி, புகையிலை, ஒரு வாய் பிராந்தி: இவை எதுவும் வேண்டாம். எருக்கம்பால் சதையைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைப்பவர்களும் உண்டு. அது அமிலம், ஈறு வெள்ளையாக வெந்து உரியும். புது வலி ஒன்று வந்ததால் பழைய வலி மறந்ததை வைத்தியம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை நம் பக்கத்து ஆட்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. கேழ்வரகுக் களியை யாரும் மென்று சாப்பிடுவதில்லை. உருண்டை பிடித்து, குழம்பில் தோய்த்து, விழுங்குவதுதான் வழக்கம். பல்லுக்கு வேலையே இல்லாத இப்படி ஒரு முழுச்சாப்பாடு வேறு எங்கே கிடைக்கும்? ஒரே நிபந்தனை, ஆவி பறக்கும்போது தின்ன வேண்டாம், ஆறட்டும். குழம்பில் புளியும் காரமும் குறைவாக இருக்கட்டும், அல்லது மோர் ஊற்றிக் கூழாகக் கரைத்துக் குடியுங்கள். மாங்காய் சீசனில் உப்பு மிளகாய்த்தூள் தொட்ட கிளிமூக்கைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுங்கள்.

வலி திடீரென்று நின்றால்

செவ்வாய் ராத்திரி துடித்தவருக்குப் புதன் காலையில் வலி சுத்தமாக இல்லை. "மாரியாத்தா காப்பாத்திட்டா" என்று வியாழக்கிழமைப் பயணத்தை ரத்து செய்துவிடுவார். பல் டாக்டர்கள் அலுத்துக்கொள்ளும் விஷயம் இது. நடந்தது என்னவென்றால், பல்கூழ் செத்துவிட்டது. நரம்பும் கூடவே செத்ததால் வலியைச் சொல்ல ஆளில்லை. கிருமி அப்படியே இருக்கிறது, வேரின் நுனித் துளை வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. சில நாளோ சில மாதமோ கழித்து, பல் கொஞ்சம் உயர்ந்து நிற்கிற மாதிரி தோன்றும், கடித்தால் வலிக்கும், ஈறில் சீழ்க்கொப்புளம் வரும். கொப்புளம் உடைந்து சீழ் வடிந்தால் மறுபடியும் வலி குறையும், மறுபடியும் பயணம் தள்ளிப்போகும். வலி நின்றாலும் குறித்த நாளுக்குப் போய்விடுங்கள்.

டாக்டர் ஏன் அன்றைக்கே எடுக்கவில்லை என்ற கேள்வியும் நியாயமானது. சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடியிருப்பதால் மரத்துப்போகும் ஊசி சரியாகக் கேட்காமல் போகலாம். ரத்த அழுத்தம் 180/110க்கு மேலே இருந்தாலோ, சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றாலோ முதலில் அதைச் சரிசெய்யச் சொல்வார்கள். கர்ப்பிணிகளுக்கு, அவசரம் இல்லையென்றால், நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் செய்வது வசதி. எலும்புக்குள் புதைந்த ஞானப்பல்லுக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். வீக்கம் இருந்தாலே பிடுங்கக் கூடாது என்பதும் இல்லை, சீழ் வெளியேறட்டும் என்று சில சமயம் வீக்கத்தோடே எடுத்துவிடுவார்கள். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பது மட்டும் வெறும் கட்டுக்கதை. கண்ணுக்குப் போகும் பார்வை நரம்பும் பல்லுக்குப் போகும் நரம்பும் வேறு வேறு.

தள்ளிப்போடும்போது நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "அதுவரைக்கும் வலி குறைய ஏதாவது செய்ய முடியுமா, டாக்டர்?" பல்லை மரக்கவைத்து மேலே சின்னதாகத் திறந்து, உள்ளே வீங்கிய கூழை எடுத்துவிட்டால் அழுத்தம் இறங்கும். எந்த மாத்திரையாலும் வராத நிம்மதி அதில் வரும். சீழ்க்கட்டியாக இருந்தால் கீறி வடியவிடலாம். அந்தப் பல்லை வேர் சிகிச்சை செய்து காப்பாற்ற வழி உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. காலை ஓ.பி. நேரத்துக்குள் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள்.

காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் இறங்கினால், நாக்குக்கு அடியில் தடித்து நாக்கு மேலே தள்ளினால், வாயை இரண்டு விரல் அகலம்கூடத் திறக்க முடியாவிட்டால், எச்சிலை விழுங்க முடியாமல் வழிந்தால், குரல் மாறினால், மூச்சு முட்டினால், கண்ணை மூடுகிற அளவு கன்னம் வீங்கினால், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், நடு ராத்திரி என்றாலும் 108ஐக் கூப்பிடுங்கள். கீழ்க் கடைவாய்ப்பல்லின் கிருமி வாயின் அடித்தளத்தில் பரவி மூச்சுக்குழலை நெரிக்கும் ஒரு நோய் இருக்கிறது. 1836இல் அதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் பெயரில் லுட்விக்ஸ் அஞ்சைனா என்பார்கள். சில மணி நேரத்தில் நிலைமை கைமீறிவிடும். இன்னொன்று: மேடு ஏறும்போதோ பாரம் தூக்கும்போதோ கீழ்த்தாடை வலித்து, நின்றால் குறைந்தால், கூடவே வியர்வையோ நெஞ்சில் பாரமோ இருந்தால், அது பல்லாக இல்லாமல் இதயமாக இருக்கலாம். அதற்கும் உடனே போக வேண்டும்.

சரி, வியாழக்கிழமை வந்துவிட்டது. மயக்கம் கொடுத்துச் செய்வதாகச் சொல்லியிருந்தால் தவிர, வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஊசி போட்டதும் கண் இருட்டிக்கொண்டு வருவது பல சமயம் பயத்தாலும் பட்டினியாலும்தான். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வழக்கம்போல் எடுங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அதைச் சாப்பிடுகிறீர்கள் என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பல் எடுத்தபின் வைக்கும் பஞ்சை அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் வழியே துப்பிக்கொண்டே வராதீர்கள். எச்சிலை விழுங்கிவிடுங்கள். துப்பத் துப்பக் குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும். ஸ்ட்ரா போட்டு இளநீர் உறிஞ்சினாலும் பீடி இழுத்தாலும் அதேதான். அந்த ரத்தக்கட்டி போய்விட்டால் மூன்றாம் நாள் வாக்கில் எலும்பே வலிக்கிற மாதிரி ஒரு புது வலி கிளம்பும். அப்படி வந்தால் மெடிக்கலுக்குப் போகாமல் நேராக அதே டாக்டரிடம் போங்கள். குழியைக் கழுவி மருந்து வைத்துவிட்டால் பெரும்பாலும் அன்றைக்கே அடங்கும்.